வெல்டிங் வகுப்புக்கு மெசின் வாங்க நிதி இல்லை: எங்க இருந்து துவங்குறது?

முல்லைத்தீவில இருந்து ஒரு பயிற்றுநர் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். வகுப்பில 20 பிள்ளையள். பழைய ட்ரான்ஸ்போமர் வெல்டிங் மெசின் ஆறு இருக்கு, ஓடுறது மூண்டு. புதுசா பத்து இன்வேர்ட்டர் மெசின் (எலெக்ட்ரோனிக் போர்ட்டில ஓடுற, பாரம் குறைஞ்ச வகை) கேட்டால் நிதி இல்லை எண்டு பதில் வருது. லீசிங்கில எடுக்கலாமோ, கனடாவில இருக்கிற ஊராக்களிட்டக் கேக்கலாமோ எண்டு கேட்டிருக்கிறார்.

பத்து மெசின் கேக்கிறதை முதல்ல நிப்பாட்டுங்கோ. ஒரு பிள்ளை ஒரு நாள் பழக எவ்வளவு செலவு எண்டு பாருங்கோ. ஒரு பிள்ளை நாளுக்குப் பத்து ரொட் (ஒட்டேக்க உருகிற வெல்டிங் கம்பி) எரிச்சால்தான் கை படியும். 20 பிள்ளைக்கு 200 ரொட். 3.2 மில்லிமீற்றர் ரொட் ஒண்டு கிட்டத்தட்ட 30 கிராம், அப்ப நாளுக்கு 6 கிலோ. 100 பயிற்சி நாளுக்கு 600 கிலோ ரொட் வேணும். தகடு எண்டு பார்த்தால், 150க்கு 50, தடிப்பு 6 மில்லிமீற்றர் துண்டு 350 கிராம் வரும். ஆளுக்கு நாளுக்கு ரெண்டு துண்டு எண்டால் 100 நாளில 1,400 கிலோ இரும்பு. இதை எழுதிப் பார்க்காமல் மெசினை இறக்கின இடங்களில, ரெண்டாம் வருசம் மெசின் உறை போட்டபடி நிக்கும், பிள்ளையள் கொப்பியில படம் கீறிக்கொண்டு இருக்குங்கள். அந்தப் பிள்ளை நாளைக்கு ஒரு கராஜுக்கு வேலைக்குப் போய் ரொட் பூட்டுற ஹோல்டரைப் பிடிக்கேக்க கை நடுங்கும்.

அடுத்தது கரண்ட். 110 அம்பியரில ஒட்டேக்க ஒரு சின்ன இன்வேர்ட்டர் 230 வோல்ற்றில ஏறக்குறைய 20 அம்பியர் இழுக்கும். 30 அம்பியர் சிங்கிள் பேஸ் இணைப்பில ரெண்டாவது மெசினிலயே பிரேக்கர் விழும். த்ரீ பேஸ் 30 எண்டால் பேஸுக்கு ஒண்டு, அவ்வளவுதான். நாலு மெசின் ஒரே நேரம் ஓட வேணுமெண்டால் மின்சார சபையிட்ட 60 அம்பியர் த்ரீ பேஸ் கேட்டு எழுதுங்கோ, மெசினுக்கு முதல். பக்கத்தில அரிசி ஆலை இருந்தால் அது ஓடுற நேரம், ஒரு மெசினைப் போட்டு ஒட்டிக்கொண்டே மீற்றர் வைச்சு அளந்து பாருங்கோ. 195 வோல்ற்றுக்குக் கீழ விழுந்தால் மலிவான மெசின் அடிக்கடி நிண்டு போகும்.

இப்ப காசு. ஓடாத மூண்டு ட்ரான்ஸ்போமரையும் முதல்ல திறந்து பாருங்கோ. அதுகளில சுருள் எரியிறது குறைவு. கேபிள் முனையில இருக்கிற லக் தளர்ந்து கருகியிருக்கும், எர்த் கிளாம்ப் தேஞ்சிருக்கும், கேபிளுக்குள்ள செம்பு பச்சை பிடிச்சிருக்கும். புது ஹோல்டர், கிளாம்ப், லக், 25 சதுர மில்லிமீற்றர் செம்புக் கேபிள் போட்டால் பெரும்பாலும் எழும்பும். இது பராமரிப்பு, மீண்டெழும் செலவில (வருசா வருசம் வாற நடைமுறைச் செலவில) போகலாம், மூலதன நிதிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. உண்மையில திருத்த ஏலாததை வருச முடிவுப் பொருட் கணக்கெடுப்பில கழிக்கச் சொல்லி எழுதுங்கோ. ஏட்டில ஆறு மெசின் நிக்கும் வரைக்கும் புதுசு எதுக்கு எண்டுதான் கேப்பினம்.

மூலதனக் கோரிக்கையில நாலு இன்வேர்ட்டர் மட்டும் போடுங்கோ. "நவீனமயப்படுத்தல்" எண்டு எழுதாதேங்கோ. உங்கட என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) பாடநெறிக்கு மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு கேக்கிற கருவிப் பட்டியலை எடுத்து, எது குறையுது, அதால தராதர அங்கீகாரத்துக்கு என்ன பாதிப்பு எண்டு ஒரு பக்கத்தில காட்டுங்கோ. நிதியாண்டு டிசம்பரோட முடியும். காசு ஒக்ரோபரில வந்து, விபரக்குறிப்பை (எப்பிடிப்பட்ட மெசின் வேணும் எண்டு சொல்லுற தாளை) அப்பதான் எழுதத் துவங்கினால் காசு திரும்பிப் போயிடும். விபரக்குறிப்பை ஜனவரியிலயே கோப்பில வையுங்கோ.

விபரக்குறிப்பில "200 அம்பியர் மெசின்" எண்டு மட்டும் எழுதினால், பத்து நிமிசத்தில ரெண்டு நிமிசம் மட்டும் அந்த 200ஐத் தாங்குற மெசின்தான் ஆகக் குறைஞ்ச விலையில வரும். "40 பாகை வெப்பத்தில 160 அம்பியர், 60 வீத டியூட்டி சைக்கிள்" எண்டு எழுதுங்கோ, அதாவது பத்து நிமிசத்தில ஆறு நிமிசம் தாங்க வேணும். ரெண்டு வருச உத்தரவாதம், இலங்கைக்குள்ள திருத்துற ஆள், முழுச் செம்புக் கேபிள், இதுகளும் வேணும். அலுமினியத்துக்குச் செம்பு பூசின கேபிள் கையில பாரம் குறைவாத் தெரியும், நறுக்கிப் பார்த்தால் உள்ள வெள்ளை. விலைக் கேள்வியில வற் வரி சேர்த்தோ எண்டும் பாருங்கோ. 18 வீதத்தில 10 லட்சம் 11 லட்சத்து 80 ஆயிரம் ஆகும், அந்த வித்தியாசத்தில ஒரு மெசின் குறைஞ்சு போகும்.

வெளிநாட்டு ஊராக்களிட்டக் கேளுங்கோ, ஆனால் பாவிச்ச மெசினை அனுப்பச் சொல்லாதேங்கோ. கனடாவில 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இஞ்ச 230, 50. மோட்டர் ஆறில ஒரு பங்கு மெதுவா ஓடும், ட்ரான்ஸ்போமர் கூடுதலாச் சூடாகும், அங்கத்தைய த்ரீ பேஸ் 600 வோல்ற்றா இருந்தால் இஞ்ச பிடிக்கவே மாட்டாது. கொழும்புத் துறைமுகத்தில தாமதக் கட்டணம் வேற ஏறும். அவையிட்ட வயரிங், பிரேக்கர் பெட்டி, மூண்டு வருச ரொட் கேளுங்கோ. இந்த மெசின் இவர் தந்தது எண்டு பெயர் போட ஏலாத சாமான்தான், எண்டாலும் அதுதான் வகுப்பை ஓட வைக்கும். மாதாமாதம் எத்தனை கிலோ எரிஞ்சது எண்டு ஒரு படமும் ஒரு வரியும் அனுப்பினால் அடுத்த வருசமும் தருவினம்.

இரும்புக்கு ஒரு வழி இருக்கு. வலயக் கல்வி அலுவலகத்தோட கதைச்சு, உடைஞ்ச மேசை கதிரையளை எடுத்து ஒட்டிக் குடுங்கோ. பொருள் அவையின்ர, பழக்கம் உங்கட பிள்ளையளுக்கு. கேற், கிரில் செய்து விக்க நினைச்சால் அரச நிறுவனம் எண்டால் வருமானம் எந்தக் கணக்குக்குப் போகுது எண்டு தலைமை அலுவலகத்திட்ட எழுத்தில எடுத்த பிறகு செய்யுங்கோ. தேவாலயமோ அறக்கட்டளையோ நடத்துற நிலையம் எண்டால் சுகம், ஆனால் விலை போடேக்க ரொட், கரண்ட், பெயின்ற் எல்லாம் சேர்க்க வேணும்.

விலை கூடின மெசின் எண்டால் வாங்காமல், கிளிநொச்சி அறிவியல் நகரில 2016இல திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்திட்ட பாடநெறியின்ர கடைசி வாரப் பயிற்சிக்கு இடம் கேட்டுப் பாருங்கோ. பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவுதான்.

லீசிங் வேண்டாம். பயிற்சி மெசின் வருமானம் தராது, தவணை மட்டும் மாதாமாதம் நிக்கும். அரச நிலையம் எண்டால் பல வருச ஒப்பந்தத்துக்கு உங்கட கையெழுத்தும் காணாது.

வந்த இன்வேர்ட்டருக்கு ஒண்டு சொல்லோணும். கிரைண்டர் வைக்கிற இடத்தில இருந்து தள்ளி வையுங்கோ, மாதம் ஒருக்கா பிளக்கைக் கழட்டி, காய்ஞ்ச காற்றால ஊதுங்கோ. செத்த மெசினைத் திறந்தால் காற்றாடியில செம்மண், அதுக்கு மேல கரு இரும்புத் தூள், சில நேரம் போர்ட்டில ஒரு கருகின பல்லி. அந்தப் போர்ட்டுக்கு மாற்று வாங்குற செலவு புது மெசின்ர பாதிக்கு வந்திடும்.