அவசரமும் இழுவையும்

எல்லாருக்கும் வணக்கம். சமீபத்தில் வந்த படங்களையும் தொடர்களையும் பற்றி ஒரு பார்வையாளராகப் பேசச் சொல்லி வாசகர் வட்ட நண்பர்கள் கேட்டார்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கடந்த இரண்டு மூன்று வருடங்களில் பார்த்தவற்றில் எனக்கு மனதில் நின்றவை எல்லாம், ஒரு மனிதரோடு கொஞ்ச நேரம் நம்மை உட்கார வைத்தவை. பிடிக்காமல் போனவற்றில் சினிமா பெரும்பாலும் அவசரப்பட்டது, சீரியல் இழுத்தது. பார்க்க எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டும் ஒரே குறைதான் என்பது என் அபிப்பிராயம். இரண்டிலும் அந்த மனிதரின் பக்கத்தில் நமக்கு இடம் கிடைப்பதில்லை.

முதலில் ‘மெய்யழகன்’. 2024 செப்டம்பரில் வந்தது. பிரேம்குமார் இயக்கியது. கதையை மூன்று வரியில் சொல்லிவிடலாம். 1996-ல் சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து ஒரு குடும்பம் சென்னைக்குப் போகிறது. இருபத்திரண்டு வருடம் கழித்து அந்த வீட்டுப் பையன் அருள்மொழி, தங்கை முறையாகும் புவனாவின் கல்யாணத்துக்கு நீடாமங்கலம் வருகிறான். அங்கே ஒருவன் ‘அத்தான், அத்தான்’ என்று ஒட்டிக்கொள்கிறான். அவன் யார், பெயர் என்ன என்று அருளுக்கு ஞாபகம் வரவில்லை. கேட்கவும் கூச்சம். ஊருக்குத் திரும்ப வேண்டிய பஸ்ஸும் போய்விடுகிறது, அன்று ராத்திரி அவன் வீட்டிலேயே தங்க வேண்டியதாகிறது. அருளாக வரும் அரவிந்த்சாமிக்கும் ஒட்டிக்கொள்கிறவனாக வரும் கார்த்திக்கும் படத்தில் இதற்குமேல் பெரிய சம்பவம் எதுவும் கிடையாது.

படம் வந்த சில நாளிலேயே நீளம் அதிகம் என்ற பேச்சு எழுந்தது. சுமார் 18 நிமிடங்களை வெட்டினார்கள். தியேட்டர்காரர்களின் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. மூன்று மணி நேரத்தை நெருங்குகிற படத்தை வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு எத்தனை காட்சி ஓட்ட முடியும்? ஆனாலும் அந்த வெட்டு எனக்கு வலித்தது. பெயர் தெரியாத ஒருவனிடம் இவ்வளவு அன்பை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அருளின் கூச்சம், பார்க்கிற நமக்குள்ளும் மெல்ல ஏற வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். அருள் விட்டுவிட்டுப் போன பழைய சைக்கிள்தான் தன் குடும்பத்தைத் தூக்கிவிட்டது என்று கார்த்தி சொல்கிற இடம் வருகிறது. அதற்கு முன்னால் பந்தியில் நடக்கும் உபசரிப்பும், அவனுடைய தொணதொணப்பும், அருளின் நெளிவும் இல்லையென்றால் அந்தச் சைக்கிள் வெறும் தகவலாகப் போயிருக்கும். அருளுக்கு அந்த வீட்டில் தூக்கம் வராமல் போவதற்கும் காரணம் இருந்திருக்காது.

குறையும் சொல்ல வேண்டும். ராத்திரிப் பேச்சு வரலாறு, போர் என்று திரும்புகிறபோது எனக்குக் கொஞ்சம் பாடமாகப் பட்டது. அந்த இடத்தில் அந்த மனிதன் போய் இயக்குநர் வந்து பேசுகிறார். நீளம் எனக்குத் தொந்தரவே இல்லை. அந்த நேரத்தில் என் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் எனக்கு முக்கியம்.

அடுத்தது ‘கொட்டுக்காளி’. பி.எஸ். வினோத்ராஜ் எடுத்தது. 2024 பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவில் திரையிட்டு, ஆகஸ்டில் இங்கே வந்தது. வேறு சாதிப் பையனை விரும்பிவிட்ட மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவு செய்து, குடும்பமே ஆட்டோவிலும் பைக்கிலும் கிளம்பிச் சாமியாடியிடம் கூட்டிப்போகிறது. படம் முழுக்க அந்தப் பயணம்தான். பின்னணி இசை கிடையாது. ஆட்டோ சத்தம், ஆட்கள் சத்தம், சேவல், தொண்டை கட்டிப்போய்க் கரகரக்கிற சூரியின் குரல், இவ்வளவுதான் கேட்கிறது. மீனாவாக வரும் அன்னா பென் ஏறக்குறைய பேசுவதே இல்லை. அவள் பேசாமல் இருக்க இருக்க, சுற்றியிருக்கிற ஆண்களின் சத்தம் கூடிக்கொண்டே போகிறது. அந்த ஒரு பெண்ணின் வாயடைத்த பிடிவாதத்துக்கு முன்னால் எத்தனை ஆண்கள் எவ்வளவு பதறுகிறார்கள் என்பதை யாரும் நமக்கு எடுத்துச் சொல்வதில்லை. நாமே பார்க்கிறோம்.

வழியில் ஒரு காளை ரோட்டை மறித்துக்கொண்டு நிற்கும். மீசை முறுக்கிய ஆண்கள் எல்லாம் தள்ளி நிற்பார்கள். ஒரு சின்னப் பெண் வந்து அதை ஓட்டிக்கொண்டு போவாள். சமீபத்திய தமிழ்ப் படங்களில் நான் பார்த்த காட்சிகளில் இதற்கு மேலே வைக்க எதுவும் எனக்குத் தோன்றவில்லை. இசை போட்டு, முகத்தைக் கிட்டத்தில் காட்டி, “பார்த்தீர்களா!” என்று நம் தோளைத் தட்டியிருந்தால் அது அங்கேயே செத்திருக்கும்.

படம் சட்டென்று நின்றுவிடுகிறது, முடிவு என்று எதையும் கையில் தருவதில்லை. அதில் நிறையப் பேருக்குக் கோபம். இந்தப் படத்தைத் தியேட்டருக்கே கொண்டு வந்திருக்கக் கூடாது என்று சினிமாவில் இருப்பவர்களே சிலர் சொன்னார்கள். காசு கொடுத்து வந்தவரின் ஏமாற்றத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இதைத் திரைப்பட விழாக்களில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். மதுரைப் பக்கத்துக் கிராமத்துக் கதையை பெர்லினில் இருப்பவர் தியேட்டரில் பார்க்கலாம், மதுரையில் இருப்பவர் பார்க்கக் கூடாதா?

அப்புறம் சீரியல். ‘சீரியல் பார்க்கிற பொம்பளைங்க’ என்று இளக்காரமாகப் பேசுவது நம்மிடம் ரொம்ப நாளாக இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு ராத்திரி ஒன்பதரைக்கு உட்காருகிற ஒரு பெண்ணுக்கு, அவள் வாழ்க்கையைக் கொஞ்சமாவது தொடுகிற கதை வேண்டாமா? 2022 பிப்ரவரியில் சன் டிவியில் ‘எதிர்நீச்சல்’ ஆரம்பித்தபோது அது நடந்தது. ‘கோலங்கள்’ எடுத்த திருச்செல்வம்தான் இயக்குநர். படித்த மருமகள்கள், அவர்களை அடுப்படியோடு கட்டிப்போடுகிற வீடு, மூத்தவராக ஆதி குணசேகரன். அந்தப் பாத்திரத்தில் மாரிமுத்து செய்தது பெரிய காரியம். கத்துகிற வில்லன்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். இவர் நம் சித்தப்பா மாதிரி, பக்கத்து வீட்டுப் பெரியவர் மாதிரி இருந்தார். “இந்தாம்மா, ஏய்” என்று வேட்டியைச் சரிசெய்துகொண்டே அதிகாரம் பண்ணுகிற அந்த சகஜத்தில்தான் பயம் இருந்தது. தான் தப்பு செய்கிறோம் என்று ஒரு நிமிடம்கூட நினைக்காத ஆளை அவர் நடித்துக் காட்டினார்.

2023 செப்டம்பர் 8-ல் அவர் காலமானார். பிறகு அந்த இடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். நல்ல எழுத்தாளர், நல்ல நடிகர். அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஒருவருடைய உடம்போடும் குரலோடும் சேர்ந்து வளர்ந்துவிட்ட பாத்திரம் அது. அந்த இழப்பை ஏற்றுக்கொண்டு கதையைச் சீக்கிரமே கௌரவமாக முடித்திருக்கலாம். 2024 ஜூன் வரை ஓடியது, அந்த வருடக் கடைசியில் அடுத்த பாகமும் வந்துவிட்டது.

இழுவை எப்படி வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். அரை மணி நேரத்தில் விளம்பரம் போகக் கையில் இருபது நிமிடத்துக்குச் சற்று மேலே. வாரத்தில் ஐந்து ஆறு நாள் ஒளிபரப்பு. வியாழக்கிழமை டிஆர்பி வருகிறது. நன்றாக வந்தால் முடிக்க விடமாட்டார்கள், குறைந்தால் கதையைத் திருப்பச் சொல்வார்கள். இன்று எழுதிய வசனத்தை நாளை மறுநாள் எடுக்கிற ஓட்டத்தில் எழுதுகிறவரால் என்ன செய்ய முடியும்? ஒருவர் ஒரு வார்த்தை சொல்வார். உடனே அறையில் இருக்கிற எட்டு முகத்துக்கும் கேமரா போய் வரும், ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘டொய்ங்’. நேரம் எல்லாம் செலவாகிறது. அந்த எட்டுப் பேரில் ஒருத்தி என்ன நினைக்கிறாள் என்பது மட்டும் நமக்குத் தெரிவதில்லை.

இதே பெண்களின் கதையை எட்டே அத்தியாயத்தில் சொல்லி முடித்தது ‘அயலி’. முத்துக்குமார் இயக்கி 2023 ஜனவரியில் ஜீ5-ல் வந்தது. 1990-ல், புதுக்கோட்டைப் பக்கம், வயதுக்கு வந்ததும் பெண்ணின் படிப்பை நிறுத்தும் ஊர். டாக்டராக ஆசைப்படும் தமிழ்செல்வி, தான் வயதுக்கு வந்ததையே மறைக்கிறாள். எனக்கு அவளைவிட அவள் அம்மா குருவம்மாளைத்தான் அதிகம் பிடித்தது. பயந்த பெண். மகளின் ரகசியம் தெரிந்தபின் அவள் தடுமாறி, பொய் சொல்லக் கற்று, மெல்ல நிமிர்வதை அனுமோள் ஒவ்வொரு படியாகக் காட்டுகிறார். ஊர்க்காரர்கள் சில இடங்களில் ஒரே அச்சில் வார்த்தவர்களாக இருக்கிறார்கள் என்பது உண்மை. அந்த அம்மாவுக்காக அதை மன்னித்துவிடலாம்.

‘லப்பர் பந்து’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, பெரும்பாலும் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். வில்லன் என்று தனியாக ஒருவரை நிறுத்தாமல் இரண்டு ஆண்களின் வீம்பை வைத்தே கதையை நகர்த்தியதும், சாதியைக் கிரிக்கெட் ஆடுகளத்துக்குள்ளேயே காட்டியதும் அருமை. டிராக்டரோடு வருகிற ஸ்வாசிகாவின் யசோதை அந்தப் படத்தின் பெரிய பலம்.

‘டூரிஸ்ட் ஃபேமிலி’ விஷயத்தில்தான் என் கருத்து உங்களில் பலரோடு ஒத்துப்போகாது. 2025 மே மாதம் வந்தபோது ஊரே கொண்டாடியது. பொருளாதார நெருக்கடியில் இலங்கையை விட்டுப் படகில் வந்து, சென்னையில் ஒரு காலனியில் ஒளிந்து வாழும் குடும்பம். சசிகுமாரும் சிம்ரனும் மனதுக்கு நெருக்கமாக நடித்தார்கள். அந்தக் காலனியில் வயதான அம்மா இறந்துபோகும் இடத்தில் நானும் அழுதேன். ஆனாலும் அந்தத் தர்மதாஸ் எல்லாருக்கும் உதவுகிறார், எல்லாரையும் மாற்றுகிறார், அவருக்குள் என்ன ஓடுகிறது என்பதை மட்டும் படம் வேகமாகத் தாண்டிப் போகிறது. போரைப் பார்த்த தலைமுறை அவர். விட்டுவந்த வீடு எப்படி இருந்தது, ராத்திரியில் கணவனும் மனைவியும் அதைப் பற்றி என்ன பேசிக்கொள்வார்கள்? நம் மனம் நெகிழ்வதற்காக ஈழத்தமிழர் ஒருவர் நல்லவராகவே இருந்துகொண்டிருக்க வேண்டும் என்பது எனக்கு உறுத்துகிறது. அவர் கோபப்படவும், சலித்துக்கொள்ளவும் பத்து நிமிடம் கொடுத்திருக்கலாம். முதல் படம் எடுத்த இளைஞர் அபிஷன் ஜீவிந்த். அவரிடம் அந்தத் திறமை இருப்பதால்தான் இதைக் கேட்கிறேன்.

கடைசியாக ஒன்று. தூர்தர்ஷன் காலத்தில் 13 வாரத்தில் முடிகிற தொடர்கள் இருந்தன. வாரத்துக்கு ஒன்று, முடிவு எங்கே என்று தெரிந்தே எழுதினார்கள். இன்று அந்த அளவுள்ள கதைகள் ஓடிடிக்குப் போய்விட்டன. சந்தா கட்டி, நல்ல இணைய இணைப்பு வைத்திருக்கும் வீடுகளுக்குத்தான் அவை கிடைக்கின்றன. ‘அயலி’யை யார் பார்க்க வேண்டுமோ, அந்தக் குருவம்மாள்களில் பலர் வீட்டில் கேபிள் மட்டும்தான் இருக்கிறது. ஏதாவது ஒரு சேனல், வருடத்துக்கு ஒரு முறையாவது, ராத்திரி ஒன்பதரை மணியை இப்படி ஒரு சின்னத் தொடருக்குக் கொடுத்துப் பார்க்கட்டும். பார்க்கிறவர்களாகிய நாம் அதைக் கேட்டு எழுத வேண்டும். நம் வட்டத்தின் பெயரில் ஒரு கடிதம் தயார் செய்து வைத்திருக்கிறேன். வாசித்துப் பார்த்து, சரி என்று படுகிறவர்கள் கையெழுத்துப் போடுங்கள்.