பஸ் நிலையத்து முனையில் ஒரு பால்மரத்துப் பெண்

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டுக்கு அருகே உள்ள எங்கள் தோட்டப் பட்டணத்தில், பஸ் நிலையத்து முனையில் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டும் பெண்ணுக்குச் சிமெண்டுச் சிலை எழுப்பியதிலிருந்து ஊர் இரண்டுபட்டுக் கிடக்கிறது. 'இந்தப் பணத்தில் பள்ளிக்கூடத்துக்குக் கூரை மாற்றியிருக்கலாம்' என்கிறது ஒரு கட்சி. 'நம் பாட்டிமாருக்கு இதுவரை யார் சிலை வைத்தார்கள்?' என்கிறது மறுகட்சி. இரண்டும் நியாயந்தான். ஆனால் சிலையை நின்று பார்த்தவர்கள் மிகக் குறைவு.

நான் ஒரு காலை முழுதும் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். கசங்காத புடவை, படம் எடுக்கும்போது வருகிற சிரிப்பு. மரத்தில் வெட்டுக்கோடு வலப்பக்கம் உயர்ந்து இடப்பக்கம் இறங்குகிறது. பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் சற்றுச் சாய்ந்திருப்பதால், இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபட்டு, மங்கு என்னும் கிண்ணத்தில் பால் நிறைய வடியும். விடியுமுன் தலைவிளக்கோடு மரநிரையில் இறங்கியவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

இப்படி நுணுகிப் பார்த்தால், நாட்டுக்காகப் போரில் மாண்டவர்களுக்குக் கோலாலம்பூரில் எழுப்பிய தேசிய நினைவுச்சின்னமும் தப்பாது. 1966-இல் திறக்கப்பட்ட அந்த வெண்கலச் சிலைகளைச் செய்தவர் ஃபெலிக்ஸ் டி வெல்டன், அமெரிக்காவின் ஆர்லிங்டனில் இவோ ஜிமா கொடியேற்றச் சிலையைச் செய்த அதே சிற்பி. மனித உருவம் கூடாது என்ற சமய எதிர்ப்பு ஒரு பக்கம். முகங்கள் நம்மவர் முகங்களாக இல்லை என்ற குறை இன்னொரு பக்கம். இரண்டாவதை நானும் சொல்வேன். 1948-இல் எங்கள் வட்டாரத்தில் தோட்டத் துரைமார் மூவர் சுடப்பட்ட பிறகுதான், கம்யூனிஸ்டு கெரில்லாக்களோடு போர் நடந்த அவசரகாலம் பிறந்தது. அந்தச் சாவுகள் எங்களுக்குக் கதையல்ல. ஆனாலும் காயம்பட்ட தோழனைத் தாங்கி நிற்கும் வீரனைப் பாருங்கள். அந்த உடலின் பாரம் நம் தோளில் இறங்குகிறது. எங்கள் சிமெண்டுப் பெண்ணிடம் தேடியும் கிடைக்காதது அந்தப் பாரந்தான்.

அதற்காக இடிக்கச் சொல்ல மாட்டேன். சையத் அகமட் ஜமாலின் 'புஞ்சாக் பூர்ணாமா' சிற்பத்தைக் கோலாலம்பூரில் 2016-இல் இடித்தபோது அவர் மறைந்து ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. எங்கள் சிற்பியோ இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். வெட்டுக்கோட்டைத் திருத்தச் சிமெண்டும் ஒரு பகலும் போதும்.

போன வாரம் பெரியம்மாவை அழைத்துப் போனேன். முப்பது வருடம் பால் வெட்டியவர். முகத்தையும் புடவையையும் அவர் பார்க்கவேயில்லை. நேரே வெட்டுக்குக் கீழே குனிந்தார்.

"மங்கு எங்கேடா? பாலெல்லாம் தரையில் போகிறதே!"