கிணற்றுத் தண்ணீருக்குள் விழும் அமிலம்

வணக்கம், நேயர்களே. அமிலம் விட்டால் நீரின் பீஎச், அதாவது அமிலமா காரமா என்று காட்டும் அளவு, இறங்கும்; இது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். எவ்வளவு இறங்கும் என்பதில்தான் சிக்கல். அதைத் தீர்மானிப்பது அமிலம் மட்டுமல்ல, நீரில் ஏற்கெனவே கரைந்திருப்பதும்தான்.

கொதிக்க வைத்து, மூடி ஆறவிட்ட வடித்த நீரில் ஒரு லீற்றர் எடுங்கள். ஏன் கொதிக்க வைக்க வேண்டும்? காற்றுப்பட்ட வடித்த நீர் காபனீரொட்சைட்டை உறிஞ்சி, தானே 5.6 வரை இறங்கிவிடும். இதில் 0.1 மோலார் ஐதரோகுளோரிக் அமிலம் 1 மில்லிலீற்றர், ஏறத்தாழ இருபது துளி, விடுங்கள். பீஎச் 7 இலிருந்து 4க்கு விழும். ஓர் அலகு இறங்கினால் ஐதரசன் அயன் பத்து மடங்காகும். இங்கே ஆயிரம் மடங்கு.

இனி, கேத்தலின் அடியில் வெள்ளையாகக் காரை படியவைக்கும் கிணற்று நீர். நிலாவெளியோ கந்தளாயோ, எந்தக் கிணறானாலும் சரி. அதே இருபது துளிக்கு, 7.5 காட்டிய பீஎச் மானி 7.4 அளவில் நின்றுவிடும். நீரிலுள்ள இருகாபனேற்று, வருகிற ஐதரசன் அயனைப் பிடித்துக் காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் மாற்றிவிடுகிறது. காரத்தன்மை, அதாவது அமிலத்தைத் தாங்கும் திறன், கல்சியம் காபனேற்றாகக் கணித்து லீற்றருக்கு 200 மில்லிகிராம் என்றால், அந்த இருகாபனேற்றைத் தீர்க்க அதே அமிலம் 40 மில்லிலீற்றர் வேண்டும். தீருகிற இடத்தில், 4.5ஐ அண்டி, பீஎச் சடாரென்று சரியும். "இறங்குதில்லையே" என்று அள்ளி ஊற்றுபவர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பாதியில் நிறுத்தி வாளியைத் திறந்து வைத்தால், மறுநாள் பீஎச் ஏறியிருக்கும். மானியைக் குறைசொல்லாதீர்கள், காபனீரொட்சைட்டு காற்றோடு போய்விட்டது. மானியை பீஎச் 7, 4 என்று மாறாமல் நிற்கும் தாங்கற் கரைசல்களில் சரிபார்த்து, நீரில் தோய்க்கும் முனையான மின்வாயைப் பொற்றாசியம் குளோரைட்டுக் கரைசலில் வையுங்கள். வடித்த நீரில் ஊறப்போட்டால் அது கெட்டுவிடும்.

மழை விட்டதும் கிணற்றுக்கு வெளிற்றும் தூள் போடுகிறோமல்லவா? அதன் குளோரின் நீரில் கரைந்து உண்டாகும், கிருமியைக் கொல்லும் ஐப்போகுளோரசு அமிலம் பீஎச் 7.5இல் அந்தக் குளோரினில் பாதியளவு இருக்கும், 8.5இல் பத்தில் ஒரு பங்குதான். நமது இலங்கைக் குடிநீர் நியமம் பீஎச் 6.5 முதல் 8.5 வரை அனுமதிக்கிறது. அதனால் நீர் குடிக்க உகந்ததாக இருந்தாலும், குளோரின் அதில் சோம்பலாக வேலைசெய்யலாம். பீஎச் 8ஐத் தாண்டிய கிணற்றில் வழமையான 30 நிமிடம் போதாது, கூடுதல் நேரம் விடுங்கள். பீஎச்சை இறக்குகிறேன் என்று கழிவறை கழுவும் அமிலத்தை அந்தத் தூளோடு கலந்துவிட வேண்டாம். உடனே குளோரின் வாயு கிளம்பும். கிணற்றுக்குள் குனிந்து நிற்பவரின் நுரையீரலுக்கு அது நஞ்சு.