முற்றுகைக்குள் வாங்கிய நிலம்: எரேமியா 32 சொல்கிற நம்பிக்கை

எல்லாருக்கும் இயேசுவின் நாமத்தில் ஸ்தோத்திரம். "என்னாலே செய்யக்கூடாத அதிசயமான காரியம் ஒன்றுண்டோ?" இந்த வசனம் நம்மில் எத்தனையோ பேர் வீட்டுச் சுவரில் ஃபிரேம் போட்டுத் தொங்குகிறது. புது வருஷ வாக்குத்தத்த அட்டையிலும் வரும். இது எரேமியா 32ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இதை ஆண்டவர் யாரிடம், எந்த நிலைமையில் சொன்னார் என்பதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். வேலை போனவர்கள், ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து இதைப் பார்க்கிறவர்கள், உங்களை நினைத்துத்தான் இந்த வீடியோ.

கி.மு. 587 வாக்கில் நடப்பது. பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமை வளைத்து நிற்கிறது. மதிலோரம் மண்மேடு போட்டு ஏறி வருகிறார்கள். உள்ளே பஞ்சம், கொள்ளைநோய். நகரம் விழத்தான் போகிறது என்று சொன்னதற்காக எரேமியா தீர்க்கதரிசியை யூதாவின் ராஜா சிதேக்கியா காவற்சாலையின் முற்றத்தில் அடைத்து வைத்திருக்கிறான். அந்த நேரம் பார்த்துப் பங்காளி அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை நீ வாங்கிக்கொள், நெருங்கின உறவுக்காரனாக அதை மீட்கிற உரிமை உனக்குத்தான் என்கிறான்.

ஆனதோத் எருசலேமுக்கு வடகிழக்கே நாலைந்து கிலோமீட்டர்தான். ஆனால் நகரத்தைச் சுற்றி எதிரிப் படை. இடத்தைப் போய்ப் பார்க்கக்கூட வழியில்லை. இன்னொன்றும் இருக்கிறது. அது எரேமியாவின் சொந்த ஊர். அந்த ஊர்க்காரர்களே முன்பு அவரைக் கொல்லப் பார்த்தார்கள், 11ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கல்யாணம் பண்ண வேண்டாம் என்று கர்த்தர் சொல்லியிருந்ததால் அந்த நிலத்தை ஆண்டு அனுபவிக்க அவருக்குப் பிள்ளைகளும் கிடையாது.

ஆனாலும் வாங்கினார், ஏனென்றால் இது கர்த்தருடைய வார்த்தை என்று அவருக்குத் தெரிந்தது. 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார். நம் கணக்கில் சுமார் 200 கிராம். கிரயப் பத்திரம் எழுதி, சாட்சிகளை வைத்து, எல்லார் கண்முன்னாலும் முறைப்படி முடித்தார். ஒரு பத்திரம் முத்திரை போட்டது, இன்னொன்று திறந்த பிரதி. இரண்டையும் தன் எழுத்தர் பாருக்கின் கையில் கொடுத்து, நெடுநாள் இருக்கும்படி ஒரு மண்பாண்டத்தில் வை என்றார். மண்பாண்டம் என்றதும் லேசாக நினைக்காதீர்கள். சாவுக்கடலை ஒட்டிய கும்ரான் குகைகளில் 1947 வாக்கில் கிடைத்த சுருள்களில் சில, மண்ஜாடிக்குள் ஏறத்தாழ 2000 வருஷம் இருந்தவை.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். பத்திரத்தைக் கொடுத்த பிறகுதான் எரேமியா ஜெபத்தில் உட்காருகிறார். உம்மால் ஆகாதது ஒன்றுமில்லை என்று ஆரம்பிக்கிறார். கடைசியில், நகரமே கல்தேயர் (பாபிலோனியர்) கைக்குப் போகிறது, நீரோ நிலம் வாங்கச் சொல்கிறீரே ஆண்டவரே என்று கேட்டேவிடுகிறார். கலக்கம் போகவில்லை. பணம் கொடுத்தாகிவிட்டது, கலக்கமும் இருக்கிறது. அதற்குப் பதிலாக வந்ததுதான் நம் சுவரில் தொங்குகிற வசனம்! அதைச் சொன்ன கர்த்தர், நகரம் எரியும் என்பதையும் மறைக்கவில்லை. அதற்குப் பிறகு இந்தத் தேசத்தில் திரும்பவும் நிலம் வாங்குவார்கள், பத்திரம் எழுதுவார்கள் என்றார்.

நகரம் விழுந்தது. ஆலயம் எரிந்தது. எரேமியாவை எகிப்துக்குக் கொண்டுபோனார்கள். அவர் ஊர் திரும்பினதாக வேதத்தில் எங்கும் இல்லை. ஆனால் எஸ்றா 2ஆம் அதிகாரத்தில், பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பினவர்களின் பட்டியல் இருக்கிறதே, நாம் வேகமாகப் புரட்டிவிடுகிற அதிகாரம், அதில் 23ஆம் வசனத்தைப் பாருங்கள். ஆனதோத்தின் மனிதர் 128 பேர். முதன்முதலில் இதைக் கவனித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த மாதத்துக்குள் அற்புதம் நடக்கும் என்று தேதி குறித்துச் சொல்கிற பிரசங்கங்கள் உடைந்திருக்கிறவர்களை இன்னும் உடைக்கின்றன. எரேமியா காலத்திலும் அனனியா என்று ஒருவன் இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்றான். ஜனங்களுக்குக் கேட்க இனிமையாகத்தான் இருந்திருக்கும். எரேமியா சொன்னதோ 70 வருஷம். தேதி பொய்த்துப்போனால், தேதியை நம்பினவருக்குப் பிடிக்க ஒன்றுமில்லை. நமக்கு இருக்கிற பிடி உயிர்த்தெழுந்த இயேசு. கல்லறை காலியானது நடந்து முடிந்த காரியம். நம் ரிப்போர்ட் எப்படி வந்தாலும் அது மாறாது. பரிசுத்த ஆவியானவரை நம்முடைய சுதந்தரத்தின் அச்சாரம் என்று பவுல் எபேசியருக்கு எழுதினதும் அதனால்தான்.

எங்கள் சபையில் ஒரு அக்கா இருக்கிறார். டயாலிசிஸுக்கு வாரம் மூன்று நாள் போகிறவர். இடது கையில் ஊசி ஏறியிருக்கும், அசைக்கக் கூடாது. மடியில் ஒரு பரீட்சை அட்டையை வைத்துக்கொண்டு, வலது கையால் ஸ்கெட்ச் பேனாவில் மனப்பாட வசனம் எழுதிக்கொண்டிருப்பார். அடுத்த மே மாத விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) பிள்ளைகளுக்கு. எழுத்தைச் சுற்றிப் பூ வரைந்து கலர் அடிப்பார். ஊசியை எடுத்ததும் சில நாள் தலை சுற்றி, எழுந்து நிற்கவே நேரமாகும். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அழவும் செய்வார். "மே மாசம் நான் இருக்கேனோ இல்லையோ, பிள்ளைங்க வருவாங்கல்ல" என்றார் என்னிடம். சோகமாகச் சொல்லவில்லை. கலர் தீர்ந்துவிட்டது, பச்சை வாங்கிட்டு வா என்று அதே மூச்சில் வேலை சொன்னார்.

சரி, இந்த வாரம் எரேமியா 32ஐ ஒரே மூச்சில் படியுங்கள், 44 வசனம்தான். படித்தபின் உங்கள் பாரத்தை எரேமியா கேட்ட மாதிரியே ஆண்டவரிடம் கேளுங்கள், வார்த்தையை அழகுபடுத்த வேண்டாம். ஜெபக் குறிப்பு இருந்தால் கமெண்டில் போடுங்கள். நோய் விவரம், பெயர் எல்லாம் பொதுவில் எழுத வேண்டாம். "ஒரு தங்கைக்காக", "ஒரு அப்பாவுக்காக" என்று போட்டால் போதும். வெள்ளிக்கிழமை இரவு குடும்ப ஜெபத்தில் ஒவ்வொன்றாக வாசித்து ஜெபிப்போம்.