“எங்கள் காலத்தில் மார்க் மட்டும்தான்!” அப்படியா பெரியப்பா?

வணக்கம் மக்களே! கேமரா கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, தெரியும். ஸ்டாண்டு திருகு இன்னும் வாங்கவில்லை. கமெண்டில் அதையே பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். இன்றைக்கு எனக்குத் தலைக்கு மேல் கோபம்.

அக்கா மகளுக்கு இன்ஜினியரிங் விண்ணப்பம் போட்டோம். ஆன்லைன் பதிவுக் கட்டணம் 500 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 250. நியாயம்தான், கட்டிவிடலாம். ஆனால் போட்டோ, சான்றிதழ் எல்லாம் ஏற்ற வேண்டுமே! என் லேப்டாப் கதைதான் உங்களுக்குத் தெரியுமே, அது இன்னும் சர்வீஸில்தான் இருக்கிறது. தெருமுனை கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனோம். பதிவுக் கட்டணம் தனி, “சர்வீஸ் சார்ஜ்” 350 என்றார் அண்ணன். எதற்கு அண்ணா என்றால், “போட்டோ சைஸ் குறைக்கணும்ல” என்கிறார். சைஸ் குறைக்க 350 ரூபாயா? மவுஸில் நாலு கிளிக். அந்த நாலு கிளிக்கையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு கிளிக் 87 ரூபாய் 50 காசு. பிறகு கையெழுத்து ஸ்கேன் சாய்வாக இருக்கிறது என்று இன்னொரு 20 ரூபாய். என் கேமராவும்தான் சாய்ந்திருக்கிறது, நான் உங்களிடம் காசு கேட்டேனா?

சரி, அதை விடுங்கள். (விட மனமில்லை. 370 ரூபாய்!)

உண்மையான கோபம் அன்று சாயங்காலம் வந்தது. வீட்டுக்கு வந்த பெரியப்பா, அவர் டாக்டர், போன பொங்கல் வீடியோவில் கரும்பு கடித்துக்கொண்டிருந்தாரே அவர்தான், கட்-ஆஃப் கணக்கைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எங்க காலத்துல இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. மார்க் இருந்தா சீட்டு. அவ்வளவுதான்.”

எனக்கு அதிகம் பிடிக்காத வாக்கியங்களின் பட்டியலில் இதற்குத்தான் முதலிடம். வீட்டில் பெரியவர் என்பதால் அங்கே வாயைத் திறக்கவில்லை. இங்கே திறக்கிறேன்.

பெரியப்பா எம்.பி.பி.எஸ். சேர்ந்தது 1970. அந்த ஆண்டு சேர்க்கையைப் பற்றி உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது, பெரியகருப்பன் வழக்கு. தேர்வு மதிப்பெண்ணுக்கு மேல் நேர்காணலுக்கு 75 மதிப்பெண். எதற்கெல்லாம் தெரியுமா? விளையாட்டு அல்லது என்.சி.சி., சமூகப் பணி, உடல் உறுதி, பொதுத் திறன், அப்புறம் ‘நாட்டம்’. உடல் உறுதியைச் சில நிமிடத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எப்படி அளந்தார்கள் என்பது எனக்குப் புரியவே இல்லை. இது போதாதென்று கல்லூரிகளை யூனிட் யூனிட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித் தேர்வுக் குழு. ஒரு யூனிட்டில் கூடுதல் மதிப்பெண் எடுத்தவர் வெளியே நிற்பார், இன்னொன்றில் குறைவாக எடுத்தவர் உள்ளே போவார். நீதிமன்றம் அந்த முறையை ஏற்கவில்லை. அதற்கு முன்பே 1968-இல், மருத்துவ இடங்களை மாவட்டவாரியாகப் பங்கு போட்டதும் ராஜேந்திரன் வழக்கில் அடிபட்டுப் போனது.

ஆக, “மார்க் இருந்தா சீட்டு” என்ற பொற்காலம் பெரியப்பா காலத்தில் இல்லை. அதற்கு முன்னாலும் இல்லை.

கொஞ்சம் பின்னால் போவோம். நீதிக்கட்சி ஆட்சியில் 1921-இல் தொடங்கி, முத்தையா முதலியார் அமைச்சராக இருந்தபோது நடைமுறைக்கு வந்த, இடங்களைச் சாதி, மதவாரியாகப் பங்கிட்ட வகுப்புவாரி அரசாணையைப் பள்ளிப் பாடத்தில் ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். அது கல்லூரிச் சேர்க்கையில் எப்படி வேலை செய்தது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. 1947-க்குப் பிந்தைய வடிவத்தைச் சொல்கிறேன். 14 இடம் என்றால் பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அன்றைய அரசாணையின் சொல்லில் ‘ஹரிஜனங்களுக்கு’ 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. இப்படி 14, 14 ஆகச் சுழற்சி.

குடியரசு வந்த வேகத்தில் இதை எதிர்த்து வழக்கு. செண்பகம் துரைராசன் என்ற பெண் மருத்துவப் படிப்புக்காகவும், சீனிவாசன் என்ற மாணவர் பொறியியலுக்காகவும் போனார்கள். சீனிவாசனுக்கு வாதாடியவர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், அரசியலமைப்பு வரைவுக் குழுவில் இருந்தவரே! 1950-இல் சென்னை உயர் நீதிமன்றத்திலும் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்திலும் அரசு தோற்றது. தமிழ்நாடு கொதித்தது, பெரியார் போராடினார், அந்த ஜூன் மாதமே முதல் அரசியலமைப்புத் திருத்தம் வந்து, பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசை அனுமதிக்கும் 15(4) பிரிவு சேர்ந்தது. இரண்டரை மாதத்துக்குள்! எனக்கு கேஸ் இணைப்புப் பெயர் மாற்ற அதைவிட அதிக நாள் ஆனது.

அடடா, முக்கியமானதை விட்டுவிட்டேன். செண்பகம் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை! விசாரித்ததில் இடம் கிடைக்காது என்று தெரிந்ததால் நேராக நீதிமன்றம் போய்விட்டார். நான் 370 ரூபாய் அழுது விண்ணப்பம் போட்டிருக்கிறேன், அவர் போடாமலே அரசியலமைப்பைத் திருத்த வைத்துவிட்டார்.

அந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்த இன்னொரு விவரமும் இருக்கிறது. அப்போது மாகாணத்தின் நான்கு மருத்துவக் கல்லூரிகளில் மொத்தமே 330 இடங்கள். அதில் 12 இடங்கள் அரசு தன் விருப்பப்படி கொடுப்பதற்கு! ‘விருப்பப்படி’ என்றால் யாருக்கு என்று நானும் நீங்களும் ஊகிக்கலாம். இட ஒதுக்கீடு வந்துதான் தகுதி கெட்டது என்று பேசுகிறவர்கள் இந்தப் பன்னிரண்டைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

சதவீதக் கதை நீளம், வேகமாகச் சொல்கிறேன். பிற்படுத்தப்பட்டோர் நிலையை ஆராய்ந்த சட்டநாதன் குழுவுக்குப் பிறகு அவர்களுக்கு 31. 1979-இல் எம்.ஜி.ஆர். ஆண்டு வருமானம் 9,000 ரூபாய்க்கு மேல் போனால் சலுகை இல்லை என்றார். அடுத்த நாடாளுமன்றத் தேர்தலில் 39-இல் இரண்டே இடம். உத்தரவைத் திரும்பப் பெற்றதோடு, 1980-இல் அந்த 31-ஐ 50 ஆகவே உயர்த்திவிட்டார். 1989-இல் அந்த ஐம்பதைப் பிரித்து மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20. பட்டியல் சாதி 18, பழங்குடி 1. கூட்டினால் 69. உச்ச நீதிமன்றத்தின் 50 சதவீத வரம்பிலிருந்து அதைக் காப்பாற்ற 1994-இல் தனிச் சட்டம், 76-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், சட்டங்களுக்கு நீதிமன்றத்தில் பாதுகாப்புத் தரும் ஒன்பதாவது அட்டவணை.

இப்போது நம் தலைமுறைக் கதை. 1984-இல் நுழைவுத் தேர்வு வந்ததும் எம்.ஜி.ஆர். காலத்தில்தான். கட்-ஆஃப் அப்போது 300-க்கு: பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100. அந்த நூறு எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. ஊரில் ஒரு நல்ல டியூஷன்கூட இல்லாத பிள்ளையும் நகரத்தில் கோச்சிங் போன பிள்ளையும் ஒரே தாளில் டிக் அடிக்க வேண்டும். ஜெயலலிதா ஆட்சியில் 2005-இல் அரசாணை போட்டு நுழைவுத் தேர்வை ரத்து செய்தார்கள், உயர் நீதிமன்றம் தடுத்தது. 2006-இல் சட்டம் போட்டார்கள், அதையும் தடுத்தது. பிறகு கருணாநிதி அரசு அனந்தகிருஷ்ணன் குழு அமைத்து, குடியரசுத் தலைவர் ஒப்புதலும் வாங்கி, 2007-இல்தான் ஒழிந்தது. மருத்துவத்துக்கு 2017-இல் நீட் ரூபத்தில் திரும்பவும் வந்துவிட்டது என்பது உங்களுக்குத் தெரியும். அது பற்றித் தனி வீடியோ போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று. மருத்துவத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2020-இல் கலையரசன் குழுவின் பரிந்துரையில் வந்தது, மறு ஆண்டு இன்ஜினியரிங்குக்கும் நீண்டது. அதற்கு மட்டும் ஒரு கைதட்டு.

என்னைக் கேட்டால், ஃபார்முலாவைவிட 1997-இல் வந்த ஒற்றைச் சாளரக் கவுன்சிலிங்தான் பெரிய விஷயம். நான் போனது கிண்டி அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்கு. திருநெல்வேலி, தர்மபுரி என்று ராத்திரி முழுக்க பஸ்ஸிலும் ரயிலிலும் வந்த குடும்பங்கள். அரங்கத்தில் திரை, அதில் கல்லூரி, பிரிவு, பிசி, எம்பிசி, எஸ்சி என்று கட்டம் கட்டமாக மீதமுள்ள இடங்கள். அப்பா ஒரு நோட்டில் கல்லூரிகளை வரிசையாக எழுதி வைத்திருந்தார். திரையில் ஒன்று பூஜ்யமாக மாறும்போது பென்சிலால் அடிப்பார், உள்ளங்கை வியர்வையைச் சட்டையில் துடைப்பார். கொடுமைதான். ஆனால் யார் பெயரையும் சொல்லி யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை, எல்லாமே எல்லார் கண் முன்னாலும் நடந்தது. 2018-இல் ஆன்லைன் ஆனதும் கிண்டிக்குப் போகும் வேலையும் ஒழிந்தது.

இப்போதைய கட்-ஆஃப் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், தம்பி தங்கைகள் கேட்டிருந்தீர்கள். கணிதம் 94 என்றால் அப்படியே 94. இயற்பியல் 89-இல் பாதி 44.5, வேதியியல் 92-இல் பாதி 46. மொத்தம் 200-க்கு 184.5. ஒரே கட்-ஆஃபில் பல பேர் இருந்தால் பாட மதிப்பெண், பிறந்த தேதி என்று வரிசையாகப் பார்ப்பார்கள். அதிலும் சமமானால்தான் ரேண்டம் எண், கம்ப்யூட்டர் குலுக்கல் போலத் தருகிற பத்து இலக்கம். அக்கா அந்த எண்ணை எழுதி சாமி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறாள். எனக்கு அந்த எண்ணை ரொம்பப் பிடிக்கிறது. அது யாருடைய சொந்தக்காரனும் இல்லை.

உங்கள் வீட்டில் பழைய நுழைவுத் தேர்வு ஹால் டிக்கெட்டோ, கவுன்சிலிங் அழைப்புக் கடிதமோ இருந்தால், பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டுப் படம் எடுத்து அனுப்புங்கள். அடுத்த வீடியோ எல்.கே.ஜி. சேர்க்கை, கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீதக் குலுக்கல் பற்றி. அதற்குள் திருகு வாங்கிவிடுவேன்.