செய்முறை எழுதும் தொழில்

நேயர்களுக்கு வணக்கம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டத்தைச் சேர்ந்த கொழிஞ்சாம்பாறையில் தமிழ்வழிப் பள்ளியில் படித்து, பன்னிரண்டு ஆண்டுகளாகத் தொழில்நுட்ப எழுத்தாளனாக வேலை பார்த்துவரும் என்னை, இந்தத் தொழிலுக்கு என்ன திறமை வேண்டும், அதை எங்கே கற்பது, கற்ற பின் எதுவரை வளரலாம் என்று பேசும்படி நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். இயந்திரத்தோடு வரும் கையேடு, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள், கைப்பேசிச் செயலியின் உதவிப் பக்கம் ஆகியவற்றை யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதத்தான் செய்கிறார். அவர் செய்யும் வேலையே இது.

வேலைக்குச் சேர்ந்த முதலாண்டில் மோட்டாரும் பம்பும் ஒன்றாய் இணைந்த ஒரு மோனோபிளாக் பம்புக்கு நான் தமிழில் கையேடு எழுதினேன். நான்காம் படியில் 'மோட்டாரை இயக்கவும்' என்றும், ஐந்தாம் படியின் அடியில் 'இயக்குவதற்கு முன் பம்பினுள் தண்ணீர் நிரம்பியிருப்பதை உறுதி செய்யவும்' என்றும் எழுதியிருந்தேன். அதை வாங்கிய எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் வரிசை தவறாமல் செய்தார். தண்ணீரில்லாமல் ஓடிய பம்பின் மெக்கானிக்கல் சீல், அதாவது தண்டின் வழியே தண்ணீர் கசியாமல் தடுக்கும் உறுப்பு, சூடேறிக் கருகிவிட்டது. நான் போய் நின்றபோது, "தம்பி, புஸ்தகத்துல சொன்ன வரிசையிலதானே செஞ்சேன்" என்றார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. எச்சரிக்கை, அது காக்க வேண்டிய செயலுக்கு முன்னால் வர வேண்டும் என்பது இத்தொழிலின் அடிப்படை விதி. அதை நான் ஏட்டில் படித்திருந்தும், ஒருமுறைகூட அந்தப் பம்பை என் கையால் ஓட்டிப் பார்க்காமல் எழுதியதால் எனக்குத் தட்டுப்படவில்லை.

ஆகவே, திறமை என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது ஆங்கிலத்தையோ மென்பொருளையோ அல்ல. செய்பவரின் பக்கத்தில் நின்று பார்ப்பது, தெரியாததைக் கூச்சமின்றிக் கேட்பது, எழுதியதைப் பிறர் கையில் கொடுத்துச் செய்யச் சொல்லி வாய்திறக்காமல் கவனிப்பது ஆகிய மூன்றும்தான் முதல். இலக்கணமும் நடையும் அதன் பிறகு வந்து சேரும். ஐ.டி.ஐ. படித்துப் பட்டறையில் கைபழகிய பிள்ளைகள் 'எங்களுக்கு எழுத வராது' என்று ஒதுங்கிக்கொள்வது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. பொருளை அறிந்தவருக்கு வாக்கியத்தைக் கற்றுக்கொடுப்பது, வாக்கியம் அறிந்தவருக்குப் பொருளைக் கற்றுக்கொடுப்பதைவிட எளிது என்பதே என் அனுபவம்.

சித்தூர் வட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இன்னொரு பயிற்சி வீட்டிலேயே கிடைத்துவிடுகிறது. 'வெள்ளம்' என்றால் மலையாளத்தில் குடிக்கும் தண்ணீர், தமிழில் ஊரை அழிக்கும் பெருக்கு. 'அவசரம்' தமிழில் பரபரப்பு, மலையாளத்தில் வாய்ப்பு. அவசர நிறுத்தப் பொத்தானுக்கு இரு மொழியிலும் பெயர் எழுதும்போது இந்த வேறுபாட்டை உடனே உணர்கிறவர் இங்கே பிறந்தவர்தான். மலையாளத்தைச் சரளமாகப் பேசினாலும் படிக்கத் தெரியாத உழவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். பூச்சிமருந்துப் புட்டியின் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணங்கள் நஞ்சின் கடுமையை எழுத்தில்லாமலே அவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஆனால் சிவப்புக்கு அடுத்தது மஞ்சள், நீலம் அதற்கும் கீழே என்ற வரிசையை யாரேனும் சொல்லித் தந்தால்தான் அந்த நிறங்கள் பேசும்.

சொல்லுக்கு ஒரு பொருள் என்ற ஒழுங்கை விமானத்துறையினர் விதியாகவே வகுத்திருக்கிறார்கள். பராமரிப்புக் கையேடுகளுக்காக அவர்கள் உருவாக்கிய எளிய தொழில்நுட்ப ஆங்கிலத்தில், செய்முறை வாக்கியம் 20 சொற்களைத் தாண்டக் கூடாது; அனுமதிக்கப்பட்ட சொற்களுக்கெனத் தனி அகராதியும் உண்டு. தமிழுக்கு அப்படியொரு விதிநூல் இருந்தால் எவ்வளவு உதவியாக இருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. 'மூடி' என்ற சொல் மூடும் பொருளையும் குறிக்கும், மூடிய பின் என்றும் பொருள்படும். இதைக் கவனியாமல் எழுதிய வரியில் படிப்பவர் ஒரு கணம் தடுமாறுவார்.

பயிற்சிக்குப் பெரும் பணம் தேவையில்லை. கூகிள் நிறுவனம் தன் பொறியாளர்களுக்காக வகுத்த தொழில்நுட்ப எழுத்துப் பாடங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. லிப்ரே ஆபீஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களின் கையேடுகளைத் தன்னார்வலர்களே எழுதுகிறார்கள். அங்கே நீங்கள் திருத்திய நான்கு பக்கங்கள், வேலை கேட்டுப் போகும்போது சான்றிதழைவிட வலுவாகப் பேசும். எளிய குறிகளால் எழுத்தை வடிவமைக்கும் மார்க்டவுன், கோப்பில் செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட், எழுத்தின் பகுதிகளைக் குறிச்சொற்களால் அடையாளப்படுத்தும் எக்ஸ்.எம்.எல். ஆகியவற்றைச் சில வாரங்களில் பழகிக்கொள்ளலாம். பெரிய நிறுவனங்களில் 'டிட்டா' என்னும் கட்டமைப்பு முறை வழக்கில் இருக்கிறது. 2005ஆம் ஆண்டு தரமாக ஏற்கப்பட்ட அம்முறையில், ஒருமுறை எழுதிய பகுதியைப் பல கையேடுகளில் எடுத்தாளலாம்.

வேலைக்குத் திருவனந்தபுரம் டெக்னோபார்க், கொச்சி இன்போபார்க் என்று மென்பொருள் பக்கமே பார்க்கிறோம். பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டின் ஆலைகளையும் கோவையின் பம்பு உற்பத்தியாளர்களையும் மறந்துவிடுகிறோம். ஐரோப்பாவுக்கு இயந்திரம் அனுப்புவோர், அது விற்கப்படும் நாட்டின் மொழியில் கையேடு தர வேண்டும் என்று அங்குள்ள சட்டமே சொல்வதால், கையேடு இயந்திரத்தின் ஓர் உறுப்பாகிவிடுகிறது. பயிற்சி எழுத்தாளராகச் சேர்பவர் மூத்த எழுத்தாளராகி, பின்னர் ஆவணத் தொகுதி முழுவதையும் வடிவமைப்பவராகவோ, குழுவை நடத்துபவராகவோ உயரலாம். மொழிபெயர்ப்பு மேலாண்மைக்கும் பாடத்திட்ட வடிவமைப்புக்கும் கிளை பிரிந்து போனவர்களும் உண்டு. செயற்கை நுண்ணறிவு வந்த பின் இந்த வேலை நிலைக்குமா என்று கேட்கிறார்கள். முதல் வரைவை அது நொடியில் தந்துவிடுகிறது, அதனால் வெறும் தட்டச்சு வேலையாக இருந்த பகுதி குறையும் என்பது உண்மை. ஆனால் பம்பில் தண்ணீர் இருக்கிறதா என்று அது குனிந்து பார்ப்பதில்லை.

தொடங்க நினைப்பவர்கள் இன்று மாலையே ஒன்று செய்யலாம். உங்கள் வீட்டு மிக்ஸியின் ஜாரைக் கழற்றி, கழுவி, மீண்டும் பொருத்தும் முறையை ஒரு தாளில் எழுதுங்கள். மிக்ஸியைத் தொட்டிராத ஒருவரிடம் அந்தத் தாளைக் கொடுத்துவிட்டு எதிரே அமருங்கள். அவர் எந்த வரியில் நின்று உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ அந்த வரியில் கோடிட்டு, அதை மட்டும் திரும்ப எழுதுங்கள்.

நன்றி, வணக்கம்.