தாராசுரத்து வெயிலும் 1,850 ரூபாய் ஃபில்டரும்

வணக்கம் நண்பர்களே. தாராசுரம் கோயில் காணொளியில் ராஜகம்பீரன் மண்டபத்துத் தூண்கள் தெரிந்தால் முற்றம் வெளுத்துவிடுகிறது என்று கேலி செய்தீர்கள் அல்லவா? உங்கள் வாயை அடைக்கவே கேமராவுக்கு ஒரு ஃபில்டர் வாங்கிவிட்டேன். கும்பகோணத்துக் கடைக்காரர் 2,200 ரூபாய் என்றார், நான் அசையவில்லை, 1,850க்கு இறங்கினார். அந்த 350 ரூபாயை நான் எளிதில் மறக்கப்போவதில்லை. ஆனால் ஃபில்டர் எல்லாவற்றையும் ஒரே அளவில் மங்கலாக்குவதால், முற்றம் தெளிந்ததும் தூண்கள் கரியாகிவிட்டன!

அதே இடத்தில் நின்ற என் கண்ணுக்கு இரண்டும் தெரிந்தன. "கண்மணி சுருங்குகிறது, அவ்வளவுதான்" என்று எழுதுகிறவர்கள்மீது எனக்குத் தீராத எரிச்சல் உண்டு. கண்மணியின் விட்டம் ஏறத்தாழ 2 முதல் 8 மில்லிமீட்டர் வரைதான் மாறும். அதனால் உள்ளே வரும் ஒளியை 16 மடங்கு அளவுக்கே கூட்டவோ குறைக்கவோ இயலும். உச்சிவெயிலுக்கும் நட்சத்திர ஒளிக்கும் உள்ள வேறுபாடோ கோடிக்கணக்கான மடங்கு.

மீதி வேலை விழித்திரையில் நடக்கிறது. பகல் வெளிச்சத்தில் பார்க்க உதவும் ஒளியுணர் செல்களான கூம்பு செல்கள், வெளிச்சம் மிகும்போது தம் உணர்திறனைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. அவற்றோடு பிணைந்த கிடைமட்ட நரம்புச் செல்கள், அக்கம்பக்கத்துக் கூம்புகள் பலவற்றின் செய்தியைத் திரட்டி, அந்தச் சுற்றுவட்டாரத்தின் சராசரி வெளிச்சத்தைக் கழிப்பதுபோல் அதே கூம்புகளை அடக்குகின்றன. ஆகவே மூளைக்குப் பெரிதும் செல்வது வெளிச்சத்தின் மொத்த அளவன்று, இடத்துக்கு இடம் உள்ள வேறுபாடு. தூணுக்கு ஒரு கணக்கு, முற்றத்துக்கு ஒரு கணக்கு. எந்த ஃபில்டர் இதைச் செய்யும்?

கண்மணியைப் பற்றிப் பேசியபோது ஒன்றை விட்டுவிட்டேன். அதைச் சுருங்கச் சொல்வதும் விழித்திரை நரம்புச் செல்களே. விழித்திரையின் செய்தியை மூளைக்கு அனுப்பும் கேங்லியான் செல்களில் மெலனாப்சின் என்ற நிறமியைக் கொண்ட சில, கூம்புகளின் உதவியின்றித் தாமே ஒளியை உணர்கின்றன என்பது 2002இல்தான் உறுதியானது. அந்த நிறமி 1998இல் முதலில் அகப்பட்டதோ தவளைத் தோலின் நிறச் செல்களில்!

இருட்டுக்குப் பழகுவது மெதுவான வேலை. கூம்புகள் பத்து நிமிடத்துக்குள் தம் எல்லையைத் தொட்டுவிடும். வெயிலில் சிதைந்த தம் ஒளியுணர் நிறமியை மீண்டும் உருவாக்கிக்கொள்ள, மங்கலான ஒளியில் பார்க்க உதவும் குச்சி செல்களுக்கு அரை மணி நேரம் வேண்டும். ஆகையால், அடுத்த வாரம் காவிரிக் கரையில் இரவுப் படப்பிடிப்புக்கு வருகிறவர்கள் செல்போன் டார்ச்சைத் தயவுசெய்து தொடாதீர்கள். அடர்சிவப்பு ஒளியைக் குச்சி செல்கள் அநேகமாக உணர்வதில்லை என்பதால், மங்கலான சிவப்பு விளக்கு ஒன்றை நானே கொண்டுவருகிறேன்.